மார்ச்சில் கரையோரம் இருந்த மீன் ஜூலையில் எங்கே போனது?

டாலஸ் நகரிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் ஃபோர்க் ஏரி வந்துவிடும். டெக்சஸுக்கு வந்த புதிதில், ஒரு மார்ச் மாதக் கடைசியில் அங்கே போனேன். ஒரு சின்னக் குடா, முழங்காலளவு தண்ணீர், ஓரத்தில் கோரை. ரப்பர் புழுவை மாட்டி வீசினேன். இரண்டு மணி நேரத்தில் நாலு பாஸ் மீன். இவ்வளவுதானா இந்த வித்தை என்று இருந்தது. ஜூலையில் ஊரிலிருந்து மைத்துனர் வந்தபோது, கொஞ்சம் பெருமை காட்டலாம் என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அதே குடா, அதே கோரை, அதே புழு. காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒரு மணி வரை வீசியதில் தோள்பட்டை வலிதான் மிச்சம். “மச்சான், இது ஏரியா, நீச்சல் குளமா?” என்று கேட்டார்.

அன்று அவருக்குச் சொல்லத் தெரியாத பதிலை இப்போது எழுதுகிறேன். பாஸ் பிடிக்கப் பழகுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “என்ன இரை போடணும்?” கடைக்காரருக்கும் அந்தக் கேள்விதான் பிடிக்கும், சுவர் முழுக்க இரைகளைத் தொங்கவிட்டிருக்கிறாரே. ஆனால் மீன் இல்லாத இடத்தில் எந்த இரையைப் போட்டாலும் ஒன்றுதான். அது இன்றைக்கு எங்கே இருக்கும் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தேவையானது ஒரே ஓர் எண்: தண்ணீரின் வெப்பநிலை.

முதலில் மீனைப் பார்ப்போம். இதன் முழுப்பெயர் லார்ஜ்மவுத் பாஸ், அதாவது பெரிய வாய்ப் பாஸ். பெயர் சும்மா வைத்ததில்லை. வாயை மூடியிருக்கும்போது மேல்தாடையின் முனை கண்ணைத் தாண்டிப் பின்னால் போய் நிற்கும். இதன் உறவான ஸ்மால்மவுத் பாஸுக்குத் தாடை கண்ணைத் தாண்டாது. இரண்டையும் பிரித்தறிய இதுதான் சுலபமான வழி. பச்சை முதுகு, பக்கவாட்டில் தலை முதல் வால் வரை கருப்புக் கோடு. பிறப்பிடம் வட அமெரிக்கா. குணத்தில் நம் ஊர் விராலுக்குப் பங்காளி என்றே சொல்லலாம், ரத்த உறவு எதுவும் இல்லாவிட்டாலும். விரால் மாதிரியே செடிகொடியின் நிழலில் பதுங்கிக் கிடக்கும், தவளையைக் கண்டால் விடாது, குஞ்சுக்குக் காவல் காக்கும். கண்மாயில் தவளையைக் கோத்து விராலுக்குத் தூண்டில் போட்டுப் பழகியவர் யாராவது இதைப் படித்தால், அவருக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

அடுத்து ஏரி. டெக்சஸில் இயற்கையான பெரிய ஏரி என்று சொல்ல அநேகமாக எதுவும் கிடையாது. நம் ஊர் ஏரிகள் மாதிரியே, கரை கட்டித் தண்ணீரைத் தேக்கியவைதான் எல்லாம். ஃபோர்க், சபீன் ஆற்றுக்குப் போய்ச் சேரும் ஓர் ஓடையை மறித்து 1980-இல் உருவானது. பரப்பு 27,264 ஏக்கர். மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போது உள்ள பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு. தண்ணீர் ஏறுவதற்கு முன் மரங்கள் பலவற்றை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் ஏரி நடுவில் மொட்டை மரங்கள் கூட்டமாக நிற்கும். அந்தி நேரத்தில் பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். படகோட்டிகளுக்குத் தொல்லை, பாஸுக்கோ அரண்மனை. ஏரி நிரம்புவதற்கு முன்பே, பெரிதாக வளரும் ஃபுளோரிடா இனப் பாஸ் குஞ்சுகளை அங்கிருந்த குட்டைகளில் விட்டுவைத்தார்கள். டெக்சஸில் இதுவரை பிடிபட்ட ராட்சத பாஸ்களில் பெரும் பங்கு இந்த ஒரே ஏரியிலிருந்து வந்ததற்கு அந்த முன்யோசனை முக்கியக் காரணம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஓடைகள் தண்ணீருக்கடியில் அப்படியே கிடக்கின்றன. ஒவ்வொரு குடாவுக்குள்ளிருந்தும் ஒரு மூழ்கிய ஓடை புறப்பட்டு, நடு ஏரியில் இருக்கும் பெரிய ஓடையில் போய்ச் சேரும். மீனுக்கு அதுதான் சாலை. மேலே நின்று பார்க்கிற நமக்கு எல்லாம் ஒரே நீலப் பரப்பு.

சரி, வெப்பநிலைக்கு வருவோம். மீன் குளிர் ரத்தப் பிராணி. நமக்கு வெளியில் என்ன குளிராக இருந்தாலும் உடம்புச் சூடு மாறாது. மீனுக்குத் தண்ணீர் எவ்வளவோ உடம்பும் அவ்வளவே. தண்ணீர் குளிர்ந்தால் அதன் செரிமானம் மந்தமாகும், பசி குறையும், துரத்தும் வேகம் போய்விடும். தண்ணீர் சூடானால் பசி கூடும். கூடவே இன்னொரு சிக்கலும் வரும்: தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். ஆக, அது வருஷம் முழுக்கத் தேடுவது மூன்றே விஷயங்கள்: ஒத்துக்கொள்கிற சூடு, மூச்சுவிடக் காற்று, பக்கத்திலேயே சாப்பாடு. வசந்தத்தில் மட்டும் நாலாவதாக ஒன்று சேரும்: முட்டையிட இடம்.

இங்கே படகுகளில், ஒலியலையை அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் சோனார் கருவியின் திரையிலேயே தண்ணீரின் சூடு ஃபாரன்ஹீட்டில் தெரியும். கரையில் நின்று பிடிப்பவர்கள், மீன் தொட்டிக்கு விற்கும் மலிவான வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினால் போதும்.

வசந்தம்

ஃபாரன்ஹீட்டில் 50-ஐத் தாண்டி (10 டிகிரி செல்சியஸ்) தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கும்போதே ஆழத்தில் கிடந்த பாஸ் புறப்பட்டுவிடும். கிழக்கு டெக்சஸில் இது பிப்ரவரியிலேயே நடக்கலாம். ஒரே மூச்சில் கரைக்கு வந்துவிடாது. மூழ்கிய ஓடைச் சாலையைப் பிடித்து, வழியில் நின்று நின்று வரும். குடாவின் வாயில், நிலம் மூக்கு மாதிரி தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் இருக்கும்; பாயிண்ட் என்பார்கள். அதுதான் அதற்குச் சுங்கச்சாவடி. வயிறு நிறையச் சினையோடு, நல்ல பசியோடு பெண் மீன்கள் அங்கே கூடும். வருஷத்தின் மிகக் கனமான மீன் கிடைக்க வாய்ப்புள்ள காலம் இதுவே.

60 டிகிரியை (சுமார் 16 செல்சியஸ்) தொட்டதும் முட்டையிடும் காலம் தொடங்கும். ஆண் மீன் முதலில் வரும். இரண்டு முதல் எட்டு அடி ஆழத்தில், காற்றும் அலையும் தாக்காத மூலையாகப் பார்த்து, வாலால் தரையைப் பெருக்கி ஒரு வட்டக் குழி பறிக்கும். வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில், குளிர்க்கண்ணாடி போட்டுக்கொண்டு கரையில் மெதுவாக நடந்தால் அதைப் பார்க்கலாம். சுற்றிலும் பழுப்புச் சேறும் பாசியுமாக இருக்க, நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, துடைத்து வைத்தது போல வெளிறிய வட்டம். அதன் மேல் ஒரு கரிய நிழல், அசையாமல். நம் நிழல் விழுந்தால் நழுவிப் போகும். ஆடாமல் நின்றால் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, அதே இடத்தில், அதே திசை பார்த்து நிற்கும்.

பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஒரு மீன் 2,000 முதல் 43,000 முட்டைகள் வரை இடும் என்கிறது டெக்சஸ் மாநில வனவிலங்குத் துறை. குஞ்சு பொரிக்க ஐந்து முதல் பத்து நாள். அதுவரையும், அதற்குப் பிறகு சில நாட்களும் காவல் வேலை அப்பாவுக்குத்தான். என் மார்ச் மாத நாலு மீன்களின் ரகசியம் இதுவே. அவை பசித்துக் கடித்தவையாக இருக்காது. வீட்டுக்குள் நுழைந்த புழுவை வெளியே தூக்கிப் போட வந்த காவல்காரர்கள். என் திறமை என்று நினைத்தது எனக்கு இன்றும் கூச்சம்.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. கூட்டில் நிற்கும் மீனைப் பிடிப்பது டெக்சஸில் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அப்பா மீனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், சுற்றிக் காத்திருக்கும் புளூகில் எனும் சின்ன மீன்கள் பாய்ந்து முட்டையைத் தின்றுவிடும். பிடித்தால் உடனே, அதே இடத்தில் விட்டுவிடுங்கள். நான் இப்போதெல்லாம் கூடு தெரிந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறேன்.

வசந்தத்தில் எல்லாரையும் ஏமாற்றுவது வாடைக்காற்று. இரண்டு நாள் நல்ல வெயில் அடித்து, கரையோரமெல்லாம் மீன் வந்திருக்கும். மூன்றாம் நாள் வடக்கிலிருந்து ஒரு காற்று கிளம்பும். சில மணி நேரத்தில் காற்றின் சூடு இருபது, முப்பது டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கிவிடும். மறுநாள் வானம் துடைத்த மாதிரி நீலமாக இருக்கும், படம் எடுக்க அருமையான நாள், மீன் மட்டும் வாயைத் திறக்காது. அது அருகிலுள்ள பாயிண்டுக்குத் திரும்பிப் போயிருக்கும், அல்லது புதருக்குள் இறுகிப் படுத்திருக்கும். அதனால்தான் குடாவின் வடக்கு ஓரத்தை முதலில் தேடச் சொல்வார்கள்: வாடை அங்கே நேரடியாகத் தாக்காது, தெற்கு வெயில் முழுதாக விழும், தண்ணீர் சீக்கிரம் சூடாகும்.

ஒரு புழு, ஒரு முள்

இரையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் கோபப்படுவீர்கள். பழகுகிறவருக்கு ஒன்றே ஒன்று போதும்: டெக்சஸ் ரிக், அதாவது ரப்பர் புழுவை முள் தெரியாமல் மாட்டும் முறை. பெயரே இந்த மண்ணுடையது. தோட்டா வடிவத்தில், நடுவே துளையுள்ள சின்ன ஈயம் ஒன்றைத் தூண்டில் நரம்பில் கோத்துக்கொள்ளுங்கள். கூர் முனை கோலின் பக்கம் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே, கழுத்தில் வளைவுள்ள புழு முள்ளைக் கட்டுங்கள். ஏழு அங்குல ரப்பர் புழுவின் தலையில் முள் நுனியைக் குத்தி, கால் அங்குலம் உள்ளே ஓட்டி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் வளையம் தலைக்குள் போய் மறையும் வரை இழுத்து, முள்ளை அரை வட்டம் திருப்புங்கள். இப்போது புழு முள்ளின் பக்கத்தில் தொங்கும். நுனி எங்கே படுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் உடம்புக்குள் குத்தி, நுனியை மட்டும் உள்ளேயே மறைத்துவிடுங்கள். புழு நேராக நிற்க வேண்டும். கோணிக்கொண்டு நின்றால் தண்ணீரில் பம்பரம் மாதிரி சுற்றி நரம்பை முறுக்கிவிடும். கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

முள் நுனி வெளியே தெரியாததால் மரக்கிளையில், கோரையில், பாசியில் எங்கே போட்டாலும் எளிதில் சிக்காது. மொட்டை மரக்காடு நிறைந்த ஏரிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. வீசியதும் தரை தட்டும் வரை விடுங்கள். கோலைச் சற்றே தூக்கினால் புழு எழும்பும், தாழ்த்தினால் விழும். அவ்வளவுதான் வேலை. கடி பெரும்பாலும் விழும்போது வரும். நரம்பில் விரலை வைத்திருந்தால், மேசைக்கு அடியிலிருந்து யாரோ விரலால் தட்டுவது போல “டக்” என்று ஒன்று. சில சமயம் அதுவும் இருக்காது. நரம்பு தானாகப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கும். தொய்வை வேகமாகச் சுற்றியெடுத்துவிட்டு, கோலைப் பலமாகச் சுண்டி மேலே தூக்குங்கள். முள் முதலில் புழுவைக் கிழித்து, அப்புறம்தான் மீன் வாயில் ஏற வேண்டும் என்பதால் பலம் தேவை.

கோடை

இனி மைத்துனரின் கேள்வி. கிணற்றில் குதித்துக் குளித்தவர்களுக்கு இது தெரியும்: மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், முங்கிக் கால் கீழே போகப் போக ஓரிடத்தில் சட்டென்று ஜில்லென்று ஆகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்ட மாதிரி இருக்கும். கோடையில் ஏரியும் அப்படித்தான் இரண்டு தட்டாகப் பிரிந்துவிடுகிறது. சூடான தண்ணீர் எடை குறைவு, மிதக்கும். குளிர்ந்த தண்ணீர் கனம், கீழே கிடக்கும். நடுவில் வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஒரு பட்டை. தெர்மோகிளைன் என்பது அதன் பெயர். கிழக்கு டெக்சஸ் ஏரிகளில் அது பெரும்பாலும் 20 அடியை ஒட்டி இருக்கும், ஏரிக்கு ஏரி மாறும்.

அப்படியென்றால் மீன் குளிர்ச்சிக்காகக் கீழே போய்விடும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். போகாது. மேல் தட்டைக் காற்று கலக்கிக்கொண்டே இருப்பதால் அதில் ஆக்சிஜன் இருக்கும். கீழ்த் தட்டுக்கு அந்தக் கலக்கல் எட்டாது, வெளிச்சமும் போகாது. அடியில் மக்கும் இலையும் செடியும் இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். ஆகஸ்டில் அங்கே போகும் மீனுக்கு மூச்சு முட்டும். எனவே கரையோரத்தில் 90 டிகிரி (32 செல்சியஸ்) கொதிப்பு, அடியில் காற்றில்லாத குளிர். இரண்டுக்கும் இடையில், அந்தப் பட்டைக்குச் சற்று மேலே, மூழ்கிய மேடுகளிலும் பாயிண்டுகளின் கடைசி முனையிலும் பாஸ் கூட்டம் கூட்டமாக நிற்கும். சோனார் திரையில் தெர்மோகிளைன் ஒரு மங்கலான படுக்கைக் கோடாகவே தெரியும். அதற்குக் கீழே இரை போடுவது வீண் வேலை. ஐம்பது அடி ஆழ இடத்தில் முப்பது அடியை இந்த ஒரே கோடு கழித்துக் கொடுத்துவிடுகிறது. ஏரி சிறிதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படகு இல்லாதவர் என்ன செய்வது? எல்லா மீனும் ஆழத்துக்குப் போய்விடுவதில்லை. ஒரு கூட்டம் கரையோரப் பாசி மெத்தைக்குக் கீழும் படகுத்துறைப் பலகைகளின் நிழலிலும் தங்கிவிடும். அவை வாய் திறப்பது விடியும்போது ஒரு மணி நேரம், அந்தி சாயும்போது ஒரு மணி நேரம். அப்போது ரப்பர் தவளையைப் பாசியின் மேல் வீசித் தத்தித் தத்தி இழுத்து வரலாம். பாசி மெத்தையே வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பதறி உடனே சுண்டினால் தவளை மட்டும் பறந்து வரும். மீனின் கனம் கையில் ஏறும் வரை ஒரு நொடி பொறுங்கள். இங்கே பலர் கோடையில் இரவு முழுக்க மீன் பிடிப்பதும் உண்டு. ஆக, ஒன்பது மணிக்குப் போய்க் கரையில் நின்ற நாங்கள் இடத்தையும் தவறவிட்டோம், நேரத்தையும் தவறவிட்டோம்.

கோடையில் பிடிக்கும் மீனைச் சீக்கிரம் விடுங்கள். நீண்ட நேரம் போராட விட்டு, வெளியில் தூக்கி வைத்துக்கொண்டு பேசினால் அது பிழைப்பது கஷ்டம். கனமான மீனைக் கீழ்த்தாடையில் மட்டும் பிடித்துக் கிடையாகத் தூக்காதீர்கள், தாடை முறியும். மறு கையை வயிற்றுக்கு அடியில் கொடுங்கள்.

இலையுதிர் காலமும் குளிரும்

அக்டோபர் வாக்கில் இரவுகள் குளிரத் தொடங்கும். மேல் தண்ணீர் குளிர்ந்து கனமாகி இறங்க, கோடை முழுக்கப் பிரிந்திருந்த இரண்டு தட்டும் கலந்துவிடும். ஏரி புரண்டுவிட்டது என்பார்கள். சில நாட்கள் தண்ணீர் கலங்கி, அடிச் சேற்றின் வாடை வரும். அந்தச் சமயத்தில் மீன் கிடைப்பது சிரமம். வேறு குடாவுக்குப் போய்ப் பாருங்கள், ஏரி முழுக்க ஒரே நாளில் புரளாது. அப்புறம் ஷாட் மீன்கள் குடாக்களுக்குள் நுழையும். நம் மத்திக்கு உறவான, வெள்ளி மாதிரி மின்னும் சின்ன மீன் அது, பாஸுக்குச் சோறு. சோறு போகிற இடத்துக்கு அதுவும் பின்னாலேயே போகும். தண்ணீர் மேல் பறவைகள் வட்டமிட்டுப் பாய்வதும், ஷாட் கூட்டம் தெறித்துச் சிதறுவதும் தெரிந்தால் அங்கே வீசுங்கள். இலையுதிர் காலத்துக்கு இதைத் தாண்டிப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. வசந்தத்தில் மெதுவாக ஏறி வந்த அதே சாலையில் பாஸ் சாப்பிட்டுக்கொண்டே திரும்பிப் போகும்.

குளிர்காலத்தில் தண்ணீர் 50-க்குக் கீழே இறங்கினால் அது ஓடையின் ஆழமான வளைவுகளில் அசையாமல் கிடக்கும். ஒரு நாளைக்கு ஒரு வாய் கிடைத்தாலும் போதும் அதற்கு. இரையை அதன் மூக்குக்கு முன்னால், நமக்கே தூக்கம் வரும் வேகத்தில் நகர்த்த வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, அந்த மாதங்களில் வீட்டில் இருந்துவிடுகிறேன். ஆனால் டெக்சஸின் சாதனை மீன் வந்தது குளிர்காலத்தில்தான்: 1992 ஜனவரி 24 அன்று பாரி செயின்ட் கிளேர் என்பவர் இதே ஃபோர்க் ஏரியில், சுமார் 40 அடி ஆழத்தில் பிடித்த 18.18 பவுண்டு, அதாவது எட்டேகால் கிலோ. அவர் பாஸ் தேடிப் போகவே இல்லை. கிராப்பி என்ற சின்ன மீனுக்காக உயிர்மீனைக் கோத்துப் போட்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

போவதற்கு முன் சில நடைமுறை விஷயங்கள். டெக்சஸில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிக்க மட்டும் அது தேவையில்லை. ஆகவே உரிமத்துக்குச் செலவழிக்கும் முன் பிடிக்கிறதா என்று பார்க்க நினைப்பவர்கள், டைலர் மாநிலப் பூங்காவின் 64 ஏக்கர் ஏரியில் தொடங்கலாம். குழந்தைகளோடு போகவும் அதுவே நல்லது. ஃபோர்க்கில் பாஸுக்குத் தனி விதி உண்டு: 16 அங்குலத்துக்கு மேலும் 24 அங்குலத்துக்குக் கீழும் உள்ள மீனைத் திரும்ப ஏரியில் விட்டுவிட வேண்டும். முட்டையிடும் வயதில் இருப்பவற்றைக் காப்பாற்றி வளரவிடுவதற்காக அந்த ஏற்பாடு. ஒரு நாளைக்கு ஐந்து மீன், அதில் 24 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளது ஒன்றே ஒன்று. மீன் அளக்கும் பலகை ஒன்று பையில் இருக்கட்டும். கண் அளவில் எல்லா மீனும் பெரியதாகத்தான் தெரியும்.

உரிமம் வழக்கமாக ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஜூலைக் கடைசியில் ஆசையாகப் போய் வாங்காதீர்கள். நான் வாங்கினேன், மைத்துனருக்கும் சேர்த்து.